இண்டி ஃபோக் பேண்டை நேரில் கேட்பது: ஹெட்ஃபோனில் இல்லாத எது அங்கே இருக்கிறது?

நள்ளிரவு_வானொலி:

பல வருடமாக ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டு வந்த ஓர் இண்டி ஃபோக் பேண்டை (நாட்டார் பாட்டின் சாயலில் சொந்தப் பாடல்களைப் பாடும் சுயாதீன இசைக்குழு) போன வாரம் முதல் முறையாக நேரில் பார்த்தேன். இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை, அதனால்தான் இந்த இழை. பேண்டின் பெயரைச் சொன்னால் பேச்சு அவர்களுடைய எந்த ஆல்பம் உசத்தி என்பதில் போய் நிற்கும். அதை விட்டுவிடுவோம். ஐந்து பேர். கிட்டார் வாசித்தபடி பாடும் பெண், பாஞ்சோவையும் மாண்டலினையும் மாற்றி மாற்றி எடுக்கும் ஒருவர், வயலின், டபுள் பேஸ், ட்ரம்ஸ். சின்ன அரங்கம். எல்லோரும் நின்றுதான் கேட்டோம்.

முதல் சில பாடல்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஆல்பத்தில் காதுக்குள் வந்து பாடுவது போல இருக்கும் குரல், அங்கே எங்கோ தள்ளி நின்றது. பானம் விற்கும் பக்கத்தில் பேச்சுச் சத்தம் ஓயவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பாடலை வேகத்தைக் குறைத்து, ட்ரம்ஸ் இல்லாமல், வேறு மாதிரி பாடினார்கள். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அப்புறம் பாதிக்கு மேல் போனதும், ட்ரம்மர் குனிந்து ஸ்னேர் என்ற சின்ன ட்ரம்மின் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தட்டிவிட்டார். வயலின்காரர் தன் வயரைக் கழற்றிக் கீழே வைத்தார். ஐந்து பேரும் மைக்கை விட்டுவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்து, தோள் உரச நின்றுகொண்டார்கள். ஒரு ஸ்பீக்கர் கூட இல்லாமல் பாட ஆரம்பித்தார்கள். முதல் வரி முன்னால் நின்ற எங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஆனால் அமைதி எங்களிடமிருந்து பின்பக்கமாக நகர்ந்ததை உணர முடிந்தது. இரண்டாவது சரணம் வரும்போது அரங்கம் முழுக்க வாயடைத்து நின்றது. விரல் கம்பியில் வழுக்கும் கீச்சொலி, யாரோ ஒருவருடைய காலணி பலகையில் தட்டும் ஓசை, அடுத்த வரிக்கு முன் எல்லோரும் ஒன்றாக மூச்சு இழுக்கும் சத்தம், எல்லாம் கேட்டன.

அந்த மூச்சைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆல்பத்திலும் மூச்சுச் சத்தம் இருக்கிறது. ஆனால் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக யாரும் அதில் மூச்சு இழுப்பதில்லை. அன்றைக்கு நடந்தது பேண்டின் திறமையா, அரங்கத்தின் அமைப்பா, வந்திருந்த கூட்டத்தின் குணமா? இந்த வகை இசையை நேரில் கேட்டவர்கள், வாசிப்பவர்கள் சொல்லுங்கள்.

ஐந்தாம்_தந்தி:

நான் பாஞ்சோ வாசிப்பவன், சின்னச் சின்ன மேடைகளில். நீங்கள் கேட்ட மூச்சைப் பற்றிச் சொல்கிறேன்.

நான்கைந்து குரல்கள் இணைந்து பாடும்போது சுருதி சேர்வது பாதி வேலைதான். மீதி, எல்லோரும் ஒரே நொடியில் தொடங்குவதும் ஒரே நொடியில் முடிப்பதும். இதை யாரும் எண்ணிக்கை சொல்லிச் செய்வதில்லை. முன்னால் பாடுபவர் மூச்சு எடுப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். அதனால்தான் நெருக்கமாக வந்து நிற்கிறார்கள். அடுத்த முறை போகும்போது கவனியுங்கள், ஹார்மனி பாடுபவர்கள் கூட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்ப்பார்கள். "ஆ" என்ற உயிரொலியை ஒருவர் அகலமாகவும் இன்னொருவர் குறுக்கியும் பாடினால் சுருதி சரியாக இருந்தாலும் குரல்கள் ஒட்டாது. வாய் திறக்கும் அளவு ஒன்றானால் தனித்தனிக் குரல் மறைந்து ஒரே குரலாகிவிடும்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எய்ட் கிட் சகோதரிகள் இதை மேடையில் மைக் இல்லாமலே செய்வார்கள். கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு முன்னால் வந்து இரண்டே குரலும் ஒரு கிட்டாருமாகப் பாடுவார்கள். அவர்களுடைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள், ஒருவர் மூச்சை இன்னொருவர் எப்படிப் பின்தொடர்கிறார் என்று தெரியும்.

பாடல் மாறியதற்கு ஏமாந்து போகாதீர்கள். ஸ்டுடியோவில் ஒரே ஆள் தன் குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்ய முடியும். போன் இவேர் என்ற அமெரிக்க பேண்டின் முதல் ஆல்பத்துக்கான பாடல்களை அதன் பாடகர் ஜஸ்டின் வெர்னன் 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் ஒரு மர வீட்டில் ஏறக்குறைய தனியாளாகவே பதிவு செய்தார். அந்த அடுக்குகள் பெரும்பாலும் அவர் குரல்தான். மேடைக்கு வரும்போது அந்த அடுக்குகளைப் பாட ஆள் வேண்டாமா? ஷான் கேரி என்ற ட்ரம்மர் பாடல்களைக் கேட்டே தாளத்தையும் துணைக் குரல்களையும் பாடம் செய்துகொண்டு போய் வெர்னனிடம் பாடிக்காட்டி பேண்டில் சேர்ந்தார். ஆரம்ப காலக் கச்சேரிகளில் ஒரு பாடலின் கடைசி வரியை கூட்டத்திடமே கொடுத்து, திரும்பத் திரும்பப் பாட வைத்து, அது பெரும் கூச்சலாகும் வரை விடுவார் வெர்னன். ஆல்பத்தில் ஒற்றை ஆளின் தனிமையாக இருந்தது மேடையில் அறை முழுக்க இருந்தவர்களுடையதாக ஆனது. இதைக் குறை என்று எப்படிச் சொல்வது?

பின்வரிசை_ஆள்:

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது.

இந்த வகைக் கச்சேரிகளுக்கு நானும் போயிருக்கிறேன். பாதி நேரம் மேடையில் ட்யூனிங் செய்துகொண்டிருப்பார்கள். மீதி நேரம் பக்கத்தில் இருப்பவர் "உஷ்" என்று முறைப்பார். இருமுவதற்குக்கூட பயமாக இருக்கும். டிக்கெட் வாங்கி, வேலை முடித்து வந்து, நண்பர்களோடு நின்று கேட்பவனைச் சிலை மாதிரி நிற்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? நாட்டார் பாட்டு என்பதே கூடிப் பாடுவதற்கும் காலால் தாளம் போடுவதற்கும் வந்தது. அறுவடையில் பாடியவர்களும் கப்பலில் கயிறு இழுத்துப் பாடியவர்களும் யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்தது மம்ஃபர்ட் அண்ட் சன்ஸ் மாதிரி மேடை. மார்கஸ் மம்ஃபர்ட் கையில் கிட்டார் வாசித்தபடியே காலால் பேஸ் ட்ரம்மை மிதிப்பார். அந்த இடி நெஞ்சில் வந்து விழும்போது அரங்கம் முழுக்கக் குதிக்கும். தி லூமினியர்ஸ் பேண்ட், பாடலுக்கு நடுவில் "ஹே" என்று கத்த வைப்பார்கள். அதற்காகத்தான் போகிறோம். மூச்சுச் சத்தம் கேட்கவேண்டும் என்றால் வீட்டிலேயே கேட்கலாமே.

கலவை_மேசை:

அரங்குகளில் ஒலி அமைப்பது என் தொழில். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் இருப்பவர்கள் உரத்த ராக் பேண்டுக்கு ஒலி அமைப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது இந்த மென்மையான பேண்டுகள்தான். காரணம் கிட்டாரிலேயே இருக்கிறது. அக்குஸ்டிக் கிட்டார் என்பது ஓசையைப் பெருக்குவதற்கென்றே செய்யப்பட்ட காற்றுப்பெட்டி. பெரும்பாலான கிட்டார்களில் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தானாகவே அதிரும். ஸ்பீக்கரிலிருந்து அதே அதிர்வெண்ணில் ஓசை வந்தால் பெட்டி அதிரும், அந்த அதிர்வை மைக்கோ, கிட்டாரிலேயே பொருத்தியிருக்கும் பிக்கப் என்ற அதிர்வுணரியோ எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும், அது வளர்ந்து ஊளையிடும். எல்லோருக்கும் தெரிந்த ஃபீட்பேக். அதைத் தவிர்க்கத்தான் கிட்டாரின் துளையில் கறுப்பு ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். நாங்கள் அந்த அதிர்வெண்ணை மட்டும் ஒலிக் கலவை மேசையில் குறைப்போம். குறைத்தால் கிட்டாரின் வயிறும் சேர்ந்து குறைந்துவிடும். ஆல்பத்தில் இருக்கும் அந்தக் கதகதப்பு மேடையில் இல்லாமல் போவதற்குப் பாதிக் காரணம் இது. இன்னொரு பாதி பிக்கப். கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டுக்கு அடியில் வைக்கும் பியெசோ பிக்கப் காற்றைக் கேட்பதில்லை, அழுத்தத்தைத்தான் கேட்கிறது. அதனால்தான் பலமாக அடித்தால் பிளாஸ்டிக் தட்டுவது போல வறண்டு ஒலிக்கிறது. ஸ்டுடியோவில் அந்தக் கிட்டாருக்கு முன்னால் மெல்லிய ஓசையையும் பிடிக்கும் நல்ல கண்டென்சர் மைக்கை வைத்து, அறையையே அமைதியாக்கிப் பதிவு செய்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாகவே ஒலிக்காது.

அடுத்தது பேச்சுச் சத்தம். ஒரு மீட்டர் தள்ளி சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபெல். மைக் இல்லாமல் வாசிக்கும் கிட்டாரின் ஓசை கூட்டத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது அதை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் 6 டெசிபெல் குறையும். அரங்கத்தில் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும், அவ்வளவுதான். பத்துப் பேர் பேசினாலே போதும், அந்தப் பாடல் பின்பக்கம் போய்ச் சேராது. சத்தத்தைக் கூட்டலாமே என்பீர்கள். கூட்டினால் ஃபீட்பேக். கூட்டினால் பேசுகிறவர்களும் குரலை உயர்த்துவார்கள். மனிதர்கள் சத்தத்துக்கு நடுவில் தங்களை அறியாமலே உரக்கப் பேசுவார்கள், இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயரே இருக்கிறது. அந்தப் போட்டியில் நான் ஜெயித்ததே இல்லை, ஜெயித்தவர்களைப் பார்த்ததும் இல்லை.

அந்தப் போட்டியை விட்டு வெளியேற ஒரே வழி, இறங்கி வருவது. வானொலி நண்பர் பார்த்தது அதைத்தான். ஸ்பீக்கரை நிறுத்தியதும் பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரல் திடீரென்று உரக்கக் கேட்கிறது. மறைவாக இருந்த சத்தம் அம்பலமாகிறது. யாரும் "உஷ்" சொல்லவேண்டிய அவசியமே வருவதில்லை. ட்ரம்மர் தட்டிய நெம்புகோல் ஸ்னேரின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள்களை விலக்கி வைப்பதற்கு. விலக்காவிட்டால் டபுள் பேஸின் ஒவ்வொரு சுரத்துக்கும் அந்தக் கம்பிகள் ஆள் தொடாமலே சரசரக்கும். அவர் அதைச் செய்தார் என்றால் அந்தப் பாடலில் எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்று அந்த பேண்ட் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. அதிர்ஷ்டம் இல்லை அது.

மெல்லிசைக்காரி:

கலவை_மேசை அண்ணா எழுதியதைப் படித்ததும் டைனி டெஸ்க் என்ற அலுவலக மேசைக் கச்சேரித் தொடர் பிறந்த கதை நினைவுக்கு வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

2008-இல் ஆஸ்டினில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் லாரா கிப்சன் என்ற ஃபோக் பாடகி பாடினார். ரொம்ப மென்மையான குரல் அவருக்கு. கூட்டத்தின் இரைச்சலில் பாட்டு கேட்கவே இல்லை. அமெரிக்காவின் என்பிஆர் வானொலியைச் சேர்ந்த பாப் பாய்லனும் ஸ்டீஃபன் தாம்சனும் அங்கே இருந்தார்கள். பேசாமல் பாய்லனின் அலுவலக மேசையில் வந்து பாடச் சொல்லலாம் என்று தாம்சன் பேச்சுவாக்கில் சொல்ல, சில வாரங்களில் கிப்சன் உண்மையிலேயே அந்த மேசைக்குப் பின்னால் வந்து பாடினார். அதுதான் முதல் டைனி டெஸ்க் கச்சேரி. இன்றைக்கு உலகத்தில் எல்லா வகை இசைக்காரர்களும் அந்த மேசைக்கு வர ஆசைப்படுகிறார்கள். ஆனால் அதன் வேர், கூட்டம் பேசியதால் கேட்காமல் போன ஒரு ஃபோக் பாட்டு.

சோஃபார் சவுண்ட்ஸும் அப்படித்தான். 2009-இல் லண்டனில் தொடங்கியது. கச்சேரியில் பேச்சும் கைப்பேசியுமாக இருந்ததில் வெறுத்துப்போன சிலர், ஒரு வீட்டு வரவேற்பறையில் நண்பர்களைத் தரையில் உட்கார வைத்துப் பாடவைத்தார்கள். பிறகு ஊர் ஊராகப் பரவியது. அப்படிப்பட்ட ஓர் அறையில் நான் செல்லோவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வில் கம்பியில் பதியும் முன் வரும் லேசான உரசல், அது ஓசையாவதற்கு முந்தைய அந்த நொடி, அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. சோகப் பாட்டுகூட இல்லை.

பின்வரிசை நண்பர் வீட்டிலேயே கேட்கலாமே என்கிறார். வீட்டில் அந்தச் சத்தம் எப்போதும் இருக்கும், எத்தனை முறை ஓடவிட்டாலும் அதே இடத்தில் வரும். நேரில் அது வராமலும் போகலாம். வில் நழுவலாம், குரல் உடையலாம். அந்த வாய்ப்பு இருப்பதால்தான் நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பின்வரிசை_ஆள்:

கலவை_மேசை சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சொன்னதும் அதுதான் என்று நினைக்கிறேன். அமைதியை பேண்ட் சம்பாதிக்கவேண்டும். கீழே இறங்கி வந்து, விளிம்பில் நின்று, தங்களையே பணயம் வைத்துப் பாடினால் நானும் வாயை மூடிக்கொண்டு கேட்பேன், சந்தோஷமாக. பக்கத்தில் நிற்கும் ரசிகர் போலீஸ் வேலை பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு முறை என் நண்பன் முதல் வரி கேட்டதும் ஆனந்தத்தில் சின்னதாகக் கூவினான். முன்னால் இருந்த ஒரு வரிசையே திரும்பி முறைத்தது. அதற்குப் பிறகு அவன் இந்த வகைக் கச்சேரிக்கு வருவதே இல்லை. அவனை இழந்தது அந்த பேண்டுக்கும் நஷ்டம்தானே?

நள்ளிரவு_வானொலி:

உங்கள் நண்பருக்கு நடந்தது அநியாயம். எங்கள் அரங்கிலும் அந்த மைக் இல்லாத பாட்டு முடிந்ததும் வெடித்த கூச்சலில் நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த பாட்டில் ட்ரம்ஸ் முழு பலத்தோடு இறங்கியது, எல்லோரும் காலால் தரையை உதைத்தோம். அந்த அமைதி இல்லாமல் அந்த இடி அவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. நான் அமைதியின் பக்கம், நீங்கள் ஆட்டத்தின் பக்கம் என்று பிரிந்து நிற்கத் தேவையில்லை என்று தோன்றுகிறது. ஒரே கச்சேரிக்குள் இரண்டும் இருந்தன.

ஐந்தாம்_தந்தி:

ட்யூனிங் பற்றி ஒரு வார்த்தை. பாதி நேரம் ட்யூனிங் என்று பின்வரிசை சொன்னார். மேடை விளக்கின் சூட்டில் கம்பி விரிந்து சுருதி இறங்கும். கூட்டம் நிறைந்து ஈரப்பதம் ஏறினால் மரம் ஊதி சுருதி ஏறும். பாஞ்சோவின் மேல்மூடி உண்மையான தோலாக இருந்தால் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இறுகும், தளரும். மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு ஜோடிகள். ஒரு ஜோடியில் ஒரு கம்பி மயிரிழை விலகினாலும் புளிப்பாகக் கேட்கும். போதாததற்கு இந்த வகை இசையில் பாட்டுக்குப் பாட்டு கம்பிகளின் சுருதி அமைப்பையே மாற்றுவோம். கிட்டாரின் ஆறு கம்பிகளில் சிலவற்றை வழக்கமான சுருதியிலிருந்து இறக்கி ஏற்றி, விரல் வைக்காமலே ஒரு முழுமையான ஒலிக்கூட்டு வரும்படி வைத்துக்கொள்வோம். அந்த ஊஞ்சலாடும் தந்தி ஓசை அப்படித்தான் கிடைக்கிறது. பெரிய பேண்டுகளுக்குப் பக்கவாட்டில் ஓர் ஆள் ஆறேழு கிட்டார்களை ட்யூன் செய்து தயாராக வைத்திருப்பார். எங்களைப் போன்றவர்களிடம் ஒன்றுதான் இருக்கும்.

அந்த இடைவெளியில்தான் பாடகர்கள் கதை சொல்வார்கள். இந்தப் பாட்டு எங்கே பிறந்தது, யாருடைய பிரிவில் எழுதினேன் என்று. நிறையப் பேர் அதைக் கச்சேரியின் ஒரு பகுதியாகவே நினைப்பார்கள், சரிதான். ஆனால் கை முறுக்காணியில் இருக்கும்போது வாய் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அது தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

பின்வரிசை நண்பருக்காகக் கைதட்டல் பற்றியும் சொல்லவேண்டும். கைதட்டுங்கள், எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கூட்டத்துக்கு உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறும். கூடவே ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ட்ரம் அடி நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும், அவர் தட்டுவது எங்களிடம் திரும்பி வர இன்னொரு பத்தில் ஒரு பங்கு. ட்ரம்மர் அந்தக் கைதட்டலைக் காதில் வாங்கினால் தொலைந்தார். அதனாலும்தான் பெரிய அரங்குகளில் பேண்டின் வாசிப்பைக் காதுக்குள்ளேயே கேட்கவைக்கும் மானிட்டர் போட்டுக்கொள்கிறார்கள். ரசிகர்களை மதிக்காமல் காதை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ ஒருமுறை இங்கே எழுதியிருந்தார்கள். அப்படி இல்லை.

திறந்தவெளி:

எல்லோரும் சின்ன அரங்கத்தையே பேசுகிறீர்கள். திறந்தவெளி விழாக்களை விட்டுவிடாதீர்கள்.

ஃபோக் என்றாலே நியூபோர்ட் ஃபோக் விழாவைத்தான் முதலில் சொல்வார்கள். 1959-இல் ரோட் ஐலண்டில் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது, இப்போது கடற்கரையை ஒட்டிய ஆடம்ஸ் கோட்டையில். 1965-இல் பாப் டிலன் அங்கே மின்கிட்டாரோடு மேடையேறியதும் கூட்டத்தில் கூச்சல் எழுந்ததும் எல்லோருக்கும் தெரியும். மின்கிட்டார் மீதுதான் கோபம் என்று கதை பரவிவிட்டது. ஆனால் அங்கே இருந்த மூத்த ஃபோக் பாடகர் பீட் சீகர் பின்னாளில் சொன்னது வேறு: ஒலி சிதைந்து வார்த்தை ஒன்றும் புரியவில்லை, அதுதான் தனக்குத் தாங்கவில்லை என்றார். இந்த வகை இசையில் ரசிகனுக்கு எது உயிர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வார்த்தை கேட்கவேண்டும்.

திறந்தவெளியில் சுவர் கிடையாது, ஓசை போனால் போனதுதான். காற்று திசை மாறினால் குரலின் மேல்பகுதி மங்கித் தெளியும். கலவை_மேசை சொன்ன நெருக்கம் அங்கே கிடைக்காது. ஆனால் மாலை வெயிலில் புல்லில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கானவர்கள் மெதுவாக ஒரே பல்லவியைப் பாடும்போது வரும் உணர்வு எந்த அறைக்கும் வராது. யாரும் கத்துவதில்லை. அவரவர் பேசும் குரலிலேயே பாடுவார்கள், சேர்ந்தால் கடல் மாதிரி எழும்.

கலவை_மேசை:

சீகர் சொன்னதை வழிமொழிகிறேன். என் மேசையில் இந்த வகைக் கச்சேரிக்கு முதல் விதி, பாடகரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. ட்ரம்ஸும் பேஸும் அதற்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

இன்னொன்று. சில பேண்டுகள் இப்போது பழைய முறைக்குத் திரும்பி, மேடை நடுவில் ஒரே ஒரு கண்டென்சர் மைக்கை வைத்து எல்லோரும் அதைச் சுற்றி நிற்கிறார்கள். பழைய வானொலி நிலையங்களிலும், புளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமியத் தந்தி இசை மேடைகளிலும் இருந்த வழக்கம். தி மில்க் கார்ட்டன் கிட்ஸ் இருவரும் இரண்டு கிட்டார்களோடு ஒரே மைக்குக்கு முன்னால் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நின்றால் ஒலி அமைப்பது அவர்களேதான், நான் இல்லை. தனி வாசிப்பு வரும்போது கிட்டார்காரர் மைக்கை நோக்கிச் சாய்வார், முடிந்ததும் பின்வாங்குவார், இன்னொருவர் அந்த இடைவெளியில் நுழைவார். ஒரு அடி முன்னால், அரை அடி பின்னால் என்று நடக்கும் அந்த நகர்வே பார்க்க அழகு. ஒருவர் பேராசையோடு முன்னால் வந்தால் மற்றவர் மறைந்துபோவார். எனவே ஒருவரை ஒருவர் கேட்டே ஆகவேண்டும். எனக்கு வேலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை, நான் கேட்டதிலேயே சிறந்த கச்சேரிகள் அப்படி ஒற்றை மைக்கில் நடந்தவைதான்.

மெல்லிசைக்காரி:

கைப்பேசி பற்றி யாரும் பேசவில்லையே. முழுப் பாட்டையும் கையை உயர்த்திப் பதிவு செய்பவர்களின் திரை வெளிச்சம், இருட்டில் மெதுவாகப் பாடும்போது கண்ணைக் குத்துகிறது. கேட்பதற்கும் பயனில்லை, மென்மையான பாட்டில் கைப்பேசி மைக் அறை இரைச்சலையும் தானாகவே உயர்த்திவிடும். வீட்டுக்கு வந்து போட்டால் இருமல்தான் கேட்கும். ஒரு படம் எடுத்துக்கொண்டு பையில் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

புதுக்காது:

இழை முழுக்கப் படித்தேன். அடுத்த மாதம் இப்படி ஒரு பேண்ட் வருகிறது. நேரில் எந்தக் கச்சேரிக்கும் இதுவரை போனதில்லை, கூட வர ஆளும் இல்லை. தனியாகப் போகலாமா? எங்கே நிற்பது? மென்மையான இசைதானே, காதடைப்பான் தேவைப்படுமா? பாடல்களை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகவேண்டுமா?

நள்ளிரவு_வானொலி:

தாராளமாகத் தனியாகப் போங்கள். நானும் தனியாகத்தான் போனேன். பேசுவதற்கு ஆள் இல்லை என்பது இந்த வகைக் கச்சேரியில் வசதி. பாடல்களை ஓரளவு கேட்டுவிட்டுப் போங்கள், ஆனால் மனப்பாடம் ஆகும் அளவுக்கு வேண்டாம். நான் மனப்பாடம் செய்திருந்ததால்தான் முதல் சில பாடல்களில் ஆல்பத்தையே தேடிக்கொண்டு நின்றேன். முன்னால் பாடும் துணைக் கலைஞரை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரு கிட்டாரோடு தனியாக வந்து, இன்னும் கூட்டம் சேராத அறையில் பாடுவார். அவருக்குத்தான் கேட்பவர்கள் அதிகம் தேவை.

ஐந்தாம்_தந்தி:

முடிந்ததும் வாசலில் மேசை போட்டு ஆல்பமும் டீ-ஷர்ட்டும் விற்பார்கள். சின்ன பேண்டுகளில் பெரும்பாலும் பாடியவர்களே அங்கே வந்து நிற்பார்கள். பிடித்திருந்தால் ஒன்று வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் வருடம் முழுக்கக் கேட்பதால் அவர்களுக்குக் கிடைப்பதைவிட, அந்த மேசையில் ஒரு வினைல் இசைத்தட்டு வாங்குவதால் கிடைப்பது அதிகம். அடுத்த ஊருக்கு வண்டிக்கு எண்ணெய் போடுவதே பல நேரம் அந்தக் காசில்தான். எந்தப் பாட்டு பிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். எங்களுக்கு அது பல நாள் தாங்கும்.

கலவை_மேசை:

எங்கே நிற்பது என்று கேட்டீர்கள். ஒலி மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், நடுவில் நில்லுங்கள். அங்கே கேட்பதை வைத்துத்தான் ஒலி அமைப்பவர் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். மேடைக்கு ஒட்டி நின்றால் முகங்கள் நன்றாகத் தெரியும், ஆனால் ட்ரம்ஸ் நேரடியாகக் காதில் விழும், ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு மேலே பாடிக்கொண்டிருக்கும். பின்சுவரை ஒட்டி நிற்காதீர்கள், பேஸ் குழம்பும். பானம் விற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது.

காதடைப்பான் எடுத்துப் போங்கள், பையில் கிடக்கட்டும். கச்சேரி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் வரையறை சொன்னது. மென்மையான பேண்டும் கடைசிப் பாடல்களில் ட்ரம்ஸோடு எழும்போது அதை நெருங்கலாம். தூங்கும்போது வைக்கும் பஞ்சு உருளை வேண்டாம், அது மேல் சுரங்களை மட்டும் அதிகமாக அடைத்துக் குரலை மந்தமாக்கிவிடும். எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைக்கான காதடைப்பான் என்று தனியாகக் கிடைக்கிறது.

பின்வரிசை_ஆள்:

புதுக்காது, முதல் பாட்டு பிடித்திருந்தால் கூவுங்கள். யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

புதுக்காது:

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட் எடுத்துவிட்டேன், நின்று கேட்கும் பகுதி. துணைக் கலைஞர் தொடங்குவதற்கு முன்பே போய் மேசைக்கு முன்னால் இடம் பிடித்துக்கொள்கிறேன். அரங்கின் படத்தில் ஒலி மேசை இடது ஓரமாக இருக்கிற மாதிரி தெரிகிறது. அப்படி இருந்தால் அதற்கு முன்னால் நிற்பதா, இல்லை நடுவிலேயே நிற்பதா?

கலவை_மேசை:

நடுவில் நில்லுங்கள். ஓரத்தில் மேசை வைத்திருக்கும் அரங்கில் நாங்களே அடிக்கடி எழுந்து நடுவுக்கு வந்து கேட்டுவிட்டுப் போவோம்.